தாமஸ் கோப்பையை ஏன் ஆறே நாடுகள் மட்டும் வென்றிருக்கின்றன?

கேள்வி இதுதான்: "2022இல் இந்தியா தாமஸ் கோப்பையை வென்றபோது, கிரிக்கெட்டில் 1983 எப்படியோ பேட்மிண்டனில் இது அப்படி என்று கொண்டாடினார்கள். அது மிகையா? இத்தனை வருடங்களாக நடக்கும் போட்டியை ஒருசில நாடுகளே மாறி மாறித் தூக்கிப் போவது ஏன்? கோப்பையைக் கொடுத்த இங்கிலாந்து என்ன ஆனது?"

மிகையில்லை. என்னைக் கேட்டால் 1983ஐவிட இது கடினம். கிரிக்கெட்டில் அன்று வலுவான நாடுகளே கொஞ்சம்தான். தாமஸ் கோப்பை என்பது நாடுகளுக்கு இடையே நடக்கும் ஆண்கள் பேட்மிண்டன் அணிப் போட்டி. இங்கே நடந்தது 33 போட்டிகள் (2024 வரை). அதில் இந்தோனேசியா 14, சீனா 11, மலேசியா (மலாயா என்ற பெயரில் வென்றதையும் சேர்த்து) 5. ஆக 30 போய்விட்டது. மிச்சம் மூன்றில் ஜப்பான், டென்மார்க், இந்தியாவுக்கு ஆளுக்கொன்று. தென் கொரியா இரண்டு முறை இறுதிப் போட்டிக்கு வந்து வெறுங்கையோடு திரும்பியது. இங்கிலாந்து இறுதிப் போட்டியையே எட்டியதில்லை.

ஏன் இப்படி என்பதற்குக் கோப்பையின் அமைப்பிலேயே பதில் இருக்கிறது. இன்று இரண்டு நாடுகள் மோதினால் மூன்று ஒற்றையர், இரண்டு இரட்டையர் ஆட்டங்கள். ஒரு நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் யார் என்று இந்தப் போட்டி பார்ப்பதில்லை. மூன்றாவது ஒற்றையர் யார், இரண்டாவது இரட்டையர் ஜோடி எப்படி என்று தோண்டிப் பார்க்கிறது. பெரும்பாலான நாடுகள் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

முதலில் கோப்பையைக் கொடுத்தவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், சுவாரசியமான ஆள். சர் ஜார்ஜ் தாமஸ். 'சர்' பரம்பரையாக வந்த பட்டம். விளையாட்டு அவரே சம்பாதித்தது. பேட்மிண்டனின் பழம்பெரும் போட்டியான ஆல் இங்கிலாந்தில் ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் எல்லாம் சேர்த்து 21 பட்டங்கள். ஒற்றையரில் 1920 முதல் 1923 வரை தொடர்ந்து நான்கு. 1911இல் விம்பிள்டன் டென்னிஸில் காலிறுதி வரை போனவர். இதெல்லாம் போதாதென்று சதுரங்கத்தில் இரண்டு முறை பிரிட்டிஷ் சாம்பியன். 1934-35 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் சதுரங்க ஜாம்பவான்களான கபபிளாங்கா, போட்வின்னிக் இருவரையும் தோற்கடித்தார். சதுரங்கம் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வரி போதும்.

சர்வதேச பேட்மிண்டன் கூட்டமைப்பு 1934இல் ஒன்பது நாடுகளோடு தொடங்கியபோது அதன் முதல் தலைவர் இவர்தான். இந்தியா 1936இல் சேர்ந்தது. டென்னிஸில் டேவிஸ் கோப்பை இருப்பதுபோல் நாடுகளுக்கு இடையே ஆண்கள் அணிப் போட்டி ஒன்று வேண்டும் என்று 1939இல் யோசனை சொல்லி, கோப்பையையும் தானே கொடுத்தார். பொன்முலாம் பூசிய வெள்ளிக் கோப்பை, 28 அங்குல உயரம், மூடியின் மேல் ஒரு ஆட்டக்காரரின் சிறு உருவம். அதன் முறையான பெயர் 'சர்வதேச பேட்மிண்டன் சாம்பியன்ஷிப் சவால் கோப்பை'. அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. எல்லோருக்கும் தாமஸ் கோப்பைதான்.

அந்த 1939ஆம் வருடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அந்த ஆண்டு ஆல் இங்கிலாந்து ஆண்கள் ஒற்றையரை வென்றவர் டென்மார்க்கின் டாகே மாட்சன். அதற்கு முந்தைய ஆண்டு வென்ற ரால்ஃப் நிக்கோல்ஸுக்குப் பிறகு இன்றுவரை எந்த இங்கிலாந்துக்காரரும் அந்தப் பட்டத்தை வாங்கவில்லை. கோப்பை செய்து முடிப்பதற்குள் விளையாட்டு கைமாறத் தொடங்கிவிட்டது என்றே சொல்லலாம். இங்கிலாந்து எங்கே போனது என்ற கேள்விக்கு இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

போர் வந்ததால் பத்து வருடம் தள்ளிப்போய், முதல் போட்டி 1948-49இல் நடந்தது. பத்து நாடுகள் கலந்துகொண்டன. அப்போதைய முறை இன்றையதைப் போல் கிடையாது. ஒரு மோதலுக்கு ஒன்பது ஆட்டங்கள், இரண்டு நாட்கள். ஐந்து ஒற்றையர், நான்கு இரட்டையர். முதல் இரண்டு ஒற்றையர் ஆட்டக்காரர்கள் எதிரணியின் முதல் இருவரோடும் மாறி மாறி ஆட வேண்டும், மூன்றாமவர் ஒரே ஆட்டம். இரட்டையர் ஜோடிகளும் அப்படியே குறுக்கும் நெடுக்குமாக.

இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் நடந்த இறுதியில் மலாயா டென்மார்க்கை 8-1 என்று துவைத்து எடுத்தது. ஐரோப்பிய விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது அதிர்ச்சி. ஆனால் மலாயாவில் முப்பதுகளிலேயே 'பேட்மிண்டன் பார்ட்டி' என்ற பெயரில் குட்டிக் குட்டிச் சங்கங்கள் தெருவுக்குத் தெரு இருந்தன. வெட்டவெளித் தரையில் கோடு கிழித்து ஆடிப் பழகிய கூட்டம் அது. அதிலிருந்து வந்தவர்கள்தான் வோங் பெங் சூன், ஊய் டெய்க் ஹொக் போன்றவர்கள். சிறந்த ஆள் ஒருவர் மட்டும் போதாது என்பதும் அந்த முதல் போட்டியிலேயே தெரிந்தது. அமெரிக்காவின் டேவிட் ஃப்ரீமேன் அந்த ஆண்டு ஆல் இங்கிலாந்து சாம்பியன், அப்போது உலகத்தில் அவரை அடிக்க ஆளில்லை. இருந்தும் கிளாஸ்கோவில் மலாயா அமெரிக்காவை 6-3 என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

1952, 1955இலும் சிங்கப்பூரில் மலாயாவே வென்றது. நடப்பு சாம்பியனுக்கு அப்போது பெரிய சலுகை உண்டு: மற்றவர்கள் எல்லாம் சுற்றுச் சுற்றாக அடித்துக்கொண்டு வர, சாம்பியன் சொந்த ஊரில் காத்திருந்து கடைசி மோதல் மட்டும் ஆடினால் போதும். பிற்பாடு அந்தச் சலுகை போய்விட்டது. இந்தியா நன்றாக ஆடிய காலமும் இதுதான். நந்து நாடேகர் தலைமுறை. 1952இல் டென்மார்க்கைத் தோற்கடித்துவிட்டு, அமெரிக்காவிடம் 5-4 என்று ஒரே ஆட்ட வித்தியாசத்தில் மலாயாவுடன் மோதும் வாய்ப்பை இழந்தது. அப்புறம் அந்த இடத்துக்குப் பக்கத்தில் வந்தது 1955லும் 1979லும் மட்டும்தான்.

1958இல் இந்தோனேசியா முதல்முறையாகக் கலந்துகொண்டது. டான் ஜோ ஹாக், ஃபெர்ரி சொன்னவில் என்று இரண்டு பெயர்கள் வெளியுலகுக்குத் தெரியும், அவ்வளவுதான். வந்த முதல் முறையே சிங்கப்பூரில் மலாயாவை அதன் மக்கள் முன்னாலேயே 6-3 என்று வீழ்த்திவிட்டார்கள். சுதந்திரம் அறிவித்து 13 வருடமே ஆன நாடு. அன்றிலிருந்து இந்தோனேசியாவுக்கு இந்தக் கோப்பை வெறும் விளையாட்டாக இருந்ததில்லை. அங்கே உலக சாம்பியன் பட்டத்தைவிட தாமஸ் கோப்பைக்கு மரியாதை அதிகம் என்று சொன்னால் நம்மூர் ஆட்கள் ஆச்சரியப்படுவார்கள்.

அந்த வெறி எல்லை மீறியது 1967இல். கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய கதை இது. 1963 முதல் 1966 வரை இந்தோனேசியாவுக்கும் புதிதாக உருவான மலேசியாவுக்கும் ஆயுத மோதல் நடந்திருந்தது. சமாதானமாகி ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை, ஜகார்த்தாவின் சேனாயன் அரங்கில் இரண்டும் இறுதிப் போட்டியில் எதிரெதிரே. இந்தோனேசியாவின் பக்கம் பதினேழு வயதுப் பையன் ஒருவன், ரூடி ஹார்டோனோ. தன் இரண்டு ஒற்றையர் ஆட்டத்தையும் வென்றான். ஆனால் மற்றவர்கள் கைகொடுக்கவில்லை. மலேசியா 4-3 என்று முன்னிலை. எட்டாவது ஆட்டம் இரட்டையர். மலேசியாவின் இங் பூன் பீ, டான் யீ கான் ஜோடி அதில் முதல் செட்டை எடுத்துக்கொண்டு இரண்டாவதிலும் முன்னே போய்க்கொண்டிருந்தது. உள்ளூர் ஜோடி அங்கிருந்து எழுந்து வந்ததும் அரங்கம் கட்டுக்கடங்காமல் போனது. மலேசியர்கள் ஷட்டிலை அடிக்கப் போகும் நேரம் பார்த்துக் கூச்சல், கண்ணுக்கு நேரே கேமரா பளிச்சுகள். நடுவர் ஹெர்பர்ட் ஷீல் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். பார்வையாளர்களை வெளியேற்றிவிட்டு ஆடலாம் என்றதற்கு இந்தோனேசியா ஒத்துக்கொள்ளவில்லை. மிச்ச ஆட்டங்களை நியூசிலாந்தில் வைத்து முடிக்கலாம் என்று கூட்டமைப்பு சொன்னது, அதற்கும் மறுப்பு. கடைசியில் மலேசியாவுக்கு 6-3 என்று கொடுத்துவிட்டார்கள். ஏட்டில் இருக்கும் அந்த 6-3இல் இரண்டு ஆட்டங்கள் ஆடி முடிக்கப்படாதவை.

அந்தப் பையன் ஹார்டோனோ அதற்குப் பிறகு ஆல் இங்கிலாந்தை எட்டு முறை வென்றார். 1970, 1973, 1976, 1979 என்று நான்கு தாமஸ் கோப்பைகள் அவர் இருந்த அணிக்கே. 1976இலும் 1979இலும் இறுதிப் போட்டி 9-0. அதாவது மூன்றாவது ஒற்றையர், இரண்டாவது ஜோடி என்று எதைத் தொட்டாலும் இந்தோனேசியாதான். லியெம் ஸ்வீ கிங் போன்ற ஆள் இரண்டாம் இடத்துக்குக் காத்திருந்த அணியை யார் என்ன செய்ய முடியும்?

இந்த இடத்தில் ஒரு தமிழ்ப் பெயரையும் சொல்ல வேண்டும். 1970இல் கோலாலம்பூரில் இந்தோனேசியாவிடம் கோப்பையைப் பறிகொடுத்த மலேசிய அணியில் ஆடியவர் பஞ்ச் குணாளன். அதே ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஒற்றையர் தங்கம், அடுத்த ஆண்டு இங் பூன் பீயோடு சேர்ந்து ஆல் இங்கிலாந்து இரட்டையர். 1974 ஆல் இங்கிலாந்து இறுதியில் ஹார்டோனோவிடம் தோற்றார். ஆடி முடித்து நிர்வாகத்துக்கு வந்தபின் அவர் செய்த காரியம் இன்னும் பெரியது. பழைய முறையில் சர்வ் போட்டவருக்கு மட்டும்தான் புள்ளி, 15 வரை. 2006இல் அது போய், யார் வென்றாலும் புள்ளி, 21 வரை என்று மாறியது. அதை முன்னின்று கொண்டுவந்தவர் குணாளன். அன்று திட்டாத பழைய ஆட்டக்காரர் இல்லை. இன்று தெருவில் ஷட்டில் ஆடும் பிள்ளைகூட 21தான் எண்ணுகிறது.

சீனாவின் கதைக்கு வருவோம். எழுபதுகள் வரை சீனா கூட்டமைப்புக்கு வெளியே இருந்தது. ஆனால் அறுபதுகளிலேயே அவர்களிடம் உலகத் தரத்துக்கு மேலான ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். எங்கிருந்து? இந்தோனேசியாவிலிருந்து. வாங் வென்ஜியாவ் சோலோ நகரில் பிறந்தவர், ஐம்பதுகளில் கப்பலேறிச் சீனா போனவர். டாங் ஷியான்ஹு, ஹௌ ஜியாசாங் இருவரும் இந்தோனேசியாவில் பிறந்த சீனர்கள். தங்கள் நல்ல வயதில் தாமஸ் கோப்பை ஆடவே முடியாமல் போன தலைமுறை இது. பழைய கூட்டமைப்பும் அதற்குப் போட்டியாகச் சீனா இருந்த இன்னொரு உலக அமைப்பும் 1981இல் ஒன்றாகி, 1982இல் சீனா முதல்முறை கோப்பைக்கு வந்தபோது அணியின் தலைமைப் பயிற்சியாளர் வாங் வென்ஜியாவ்தான்.

லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் இறுதிப் போட்டி. எதிரணி, வேறு யார், இந்தோனேசியா. முதல் நாள் முடிவில் இந்தோனேசியா 3-1. இன்னும் இரண்டு ஆட்டம் போதும். மறுநாள் சீனா நான்கு ஆட்டங்களை எடுத்து 5-4 என்று முடித்தது. இரண்டு நாள் முறையில் மட்டுமே கிடைக்கும் நாடகம் இது. ஒரு ராத்திரி தூக்கம் நடுவில் இருந்தால் என்னவெல்லாம் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை. அந்த முறையில் நடந்த கடைசிப் போட்டியும் அதுவே.

1984 முதல் இன்றைய வடிவம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, பெண்களுக்கான ஊபர் கோப்பையோடு சேர்த்து ஒரே இடத்தில், ஒரு மோதலுக்கு ஐந்து ஆட்டம்: மூன்று ஒற்றையர், இரண்டு இரட்டையர். மூன்று வென்றால் முடிந்தது. அந்த முதல் ஐந்தாட்டப் போட்டியிலேயே கோலாலம்பூரில் இந்தோனேசியா 3-2 என்று சீனாவிடமிருந்து கோப்பையைத் திரும்ப வாங்கியது. திருப்பம் தந்தவர் பெரிய நட்சத்திரம் லியெம் ஸ்வீ கிங் இல்லை. ஹாஸ்டோமோ அர்பி என்ற, யாரும் அதிகம் எதிர்பார்க்காத ஆள், சீனாவின் ஹான் ஜியனைத் தோற்கடித்தார்.

இதே கதை திரும்பத் திரும்ப வருகிறது. 1992இல் மலேசியா 25 வருடம் கழித்து வென்றபோது ரஷீத் சிடேக்கும் அவருடைய அண்ணன்கள் ரசிஃப், ஜலானியும் ஆளுக்கு ஒரு பங்கு செய்தார்கள். வெற்றிப் புள்ளியை அடித்தது இரண்டாவது ஜோடியான சியா சூன் கிட், சூ பெங் கியாங். 2014இல் புதுடெல்லியில் மலேசியாவிடம் லீ சோங் வெய் இருந்தார், அவர் தன் ஆட்டத்தை வென்றும் கொடுத்தார். ஆனால் 2-2 ஆகி ஐந்தாவது ஆட்டத்தில் ஜப்பானின் டகுமா உவேடா டேரன் லியூவை வென்று கோப்பையைத் தூக்கிப் போனார். அந்தத் தலைமுறையின் மகத்தான ஆட்டக்காரர்களில் ஒருவரான லீ சோங் வெய், தாமஸ் கோப்பை இல்லாமலே ஓய்வு பெற்றார். 2016இல் குன்ஷானில் டென்மார்க் இரண்டு இரட்டையரையும் தோற்று, மூன்று ஒற்றையரையும் வென்று முதல் ஐரோப்பியச் சாம்பியன் ஆனது. அதற்கு முன் எட்டு இறுதிப் போட்டிகளில் தோற்ற நாடு அது. கடைசி ஆட்டத்தை முடித்தவர் அணியின் முதல் ஒற்றையர் ஆக்சல்சன் இல்லை, மூன்றாவது ஆள் ஹான்ஸ்-கிறிஸ்டியன் விட்டிங்ஹஸ்.

நடுவில் 2004 முதல் 2012 வரை சீனா தொடர்ந்து ஐந்து. சீன நட்சத்திரம் லின் டானின் காலம். இந்த ஐந்து இறுதிப் போட்டிகளிலும் எதிரணிக்கு அதிகபட்சம் ஒரு ஆட்டம்தான் கிடைத்தது, பேச அதிகம் ஒன்றுமில்லை. இந்தோனேசியா 2002க்குப் பிறகு 19 வருடம் காத்திருந்து, கொரோனாவால் தள்ளிப்போய் 2021 அக்டோபரில் ஆர்ஹுஸில் நடந்த போட்டியில் வென்றது. பாவம், ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடையால் பரிசளிப்பில் அவர்கள் தேசியக் கொடி ஏறவில்லை. பேட்மிண்டன் சங்கத்தின் கொடிதான் ஏறியது.

சரி, இந்தியா. பிரகாஷ் படுகோன் 1980இல் ஆல் இங்கிலாந்து, கோபிசந்த் 2001இல். இரண்டு பேருமே உலகத் தரம். ஆனால் அவர்களுக்குப் பின்னால் இரண்டாவது, மூன்றாவது ஆள் அந்தத் தரத்தில் இல்லை. இரட்டையரைப் பற்றி யாரும் கவலைப்பட்டதே இல்லை. அது மாறியது இரண்டு பேரும் ஆளுக்கொரு அகாடமி, பெங்களூரில் ஒன்று ஹைதராபாத்தில் ஒன்று, நடத்தத் தொடங்கிய பிறகு. இரட்டையருக்கு மலேசியாவிலிருந்து டான் கிம் ஹெர் பயிற்சியாளராக வந்தார். உயரமான இரண்டு பையன்களை, இருவருமே பின்னால் நின்று ஸ்மாஷ் அடிக்கப் பிரியப்படுபவர்கள், ஒன்றாகச் சேர்த்தார். சாத்விக், சிராக். ஆரம்பத்தில் அவர்களுக்கே அது பிடிக்கவில்லை.

2022 பாங்காக்கில் இந்திய அணியின் கணக்கு ரொம்ப எளிமையானது. லக்‌ஷ்யா சென், சாத்விக்-சிராக், ஸ்ரீகாந்த், இன்னொரு ஜோடி, கடைசியில் பிரணாய். அந்த இன்னொரு ஜோடியிடம் பெரிய அணிகளுக்கு எதிராகப் புள்ளி எதிர்பார்க்க முடியாது. ஆக மிச்சம் நான்கில் மூன்று வேண்டும். காலிறுதியில் மலேசியாவோடு லக்‌ஷ்யா தோல்வி, சாத்விக்-சிராக் வெற்றி, ஸ்ரீகாந்த் வெற்றி, இரண்டாவது ஜோடி தோல்வி, 2-2. அரையிறுதியில் டென்மார்க்கோடு அச்சு அசலாக அதே வரிசை, 2-2. இரண்டு முறையும் ஐந்தாவதாக இறங்கியவர் பிரணாய். மூன்றாவது ஒற்றையர். உலகத் தரவரிசையில் முதல் பத்துக்குள் நுழைந்து, உடல்நலம் கெட்டுப் பின்தங்கி, மறுபடி ஏறி வந்துகொண்டிருந்த ஆள்.

டென்மார்க்கின் ராஸ்மஸ் கெம்கேவோடு முதல் ஆட்டத்தில் வலைக்கு அருகே கால் வழுக்கிக் கணுக்கால் மடங்கியது. மருத்துவர் வந்து பார்த்தார். அந்த ஆட்டம் 13-21. அதோடு முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தோம். பிரணாய் திரும்பி வந்து 21-9, 21-12 என்று முடித்தார். அதிகம் ஓடாமல், ஷட்டிலை முன்கூட்டியே எடுத்து, எதிராளியை ஓட விட்டார். வலியில் இருப்பவர் ஆடும் ஆட்டம் போலவே இல்லை.

இறுதிப் போட்டியில் நடப்பு சாம்பியன் இந்தோனேசியா. அங்கே அவர் ஆடவே தேவைப்படவில்லை. லக்‌ஷ்யா முதல் ஆட்டத்தை ஜின்டிங்கிடம் 8-21 என்று கோட்டை விட்டு, அடுத்த இரண்டையும் எடுத்தார். சாத்விக்-சிராக் முதல் ஆட்டம் தோற்று, இரண்டாவதில் நான்கு மேட்ச் பாயிண்ட்களைத் தாங்கி 23-21, அப்புறம் 21-19. எதிரே நின்ற அஹ்சானும் கெவின் சஞ்சயாவும் இரட்டையரில் உலகமே பயந்த பெயர்கள். ஸ்ரீகாந்த் ஜோனதன் கிறிஸ்டியை 21-15, 23-21 என்று நேர் ஆட்டங்களில் வென்றார். 3-0. ஆனால் அந்த 3-0ஐ மட்டும் பார்த்து 'சுலபமாக ஜெயித்தார்கள்' என்று யாராவது சொன்னால், இரண்டாவது ஆட்டத்தின் அந்த நான்கு மேட்ச் பாயிண்ட்களைப் போட்டுக் காட்டுங்கள்.

இனிமேல் இந்தியா அடிக்கடி வெல்லுமா என்றும் சிலர் கேட்பார்கள். 2024இல் செங்டுவில் காலிறுதியிலேயே சீனாவிடம் 1-3 என்று வெளியேறினோம். லக்‌ஷ்யா மட்டும்தான் வென்றார். தோற்ற மூன்றில் ஒன்று, வழக்கம்போல, இரண்டாவது இரட்டையர். அந்த ஆண்டு கோப்பையை எடுத்துக்கொண்டு போன சீனாவிடம் அந்த இடத்திலும் ஒரு நல்ல ஜோடி இருந்தது. நமக்கு சாத்விக்-சிராக்குக்கு அடுத்த ஜோடி அமையும்வரை, 2022 மாதிரி நான்கில் மூன்று என்ற கணக்கோடுதான் ஒவ்வொரு முறையும் போக வேண்டியிருக்கும்.